பத்தாவது ஆள்

1881-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு தன் முதல் தொழிற்சாலைச் சட்டத்தை இயற்றியபோது, எதைத் தொழிற்சாலை என்று கொள்வது என்பதை முதலில் முடிவு செய்தது. இயந்திர விசையில் ஓட வேண்டும். குறைந்தது 100 பேர் வேலை செய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் வந்த ஆலைகளில் ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது; பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களிடம் நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. பெரியவர்களுக்கு எந்த வரம்பும் இல்லை. 99 பேர் இருந்த ஆலையில் ஐந்து வயதுப் பிள்ளை அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாலும் சட்டத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

இரக்கம் மட்டுமே இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்துவிடவில்லை. 1850-களில் பம்பாயில் தொடங்கிய பஞ்சாலைகள் அதற்குள் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலை முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தன. மலிவான கூலி, கேள்வி கேட்பாரற்ற வேலை நேரம் என்ற இரண்டும் இந்திய ஆலைகளுக்கு அநியாயச் சலுகை என்று அவர்கள் முறையிட்டார்கள். அதே சட்டம் தேயிலை, காபித் தோட்டங்களில் இருந்த ஆலைகளுக்கு விலக்கு அளித்தது. அந்தத் தோட்டங்கள் பெரும்பாலும் யார் கையில் இருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் அந்த 100 என்ற எண் அப்படியே நிற்கவில்லை. 1891-இல் அது 50 ஆனது. 1922-இல் 20. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில், மின்விசை இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர். அறுபத்தேழு ஆண்டுகளில் நூறு பத்தாகக் குறைந்தது. அதிகாரிகளின் மனமாற்றம் மட்டுமே இதற்குக் காரணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி ஞாயிறு விடுமுறை கேட்டார். சென்னைப் பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரலில் சங்கம் தொடங்கினார்கள், பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் துணை நின்றார்கள். 1920-இல் அந்த ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளர்களைத் தூண்டிவிட்டு நட்டம் ஏற்படுத்தினார் என்று வாடியா மீதே நிறுவனம் வழக்குத் தொடுத்தது. சங்கம் நடத்துபவர்கள் மீது இப்படி வழக்குத் தொடுக்க முடிகிற நிலையை மாற்றவே 1926-இன் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில், 1946-இல், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு சட்டமானது.

இந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதற்குள்ளேயே ஒரு கோளாறும் வளர்ந்தது. உழைப்பவருக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு, அவர் பக்கத்தில் எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிக்கொண்டோம். பி.எஃப். வேண்டுமா, 20 பேர் காட்டு. இ.எஸ்.ஐ. வேண்டுமா, 10 பேர். காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டத்துக்கு 20. வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்துக்கு 5. ஒவ்வொரு சட்டமும் வாசலில் ஒரு ஆளை நிறுத்தித் தலை எண்ணியது. வயலில் வேலை செய்தவர்களுக்கோ எண்ணிப் பார்க்க வாசலே கிடையாது. தமிழகத்தில் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969-இல் வந்ததென்றால், அதற்கு முந்தைய டிசம்பரில் கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து சாக வேண்டியிருந்தது.

தலை எண்ணும் சட்டத்துக்கு முதலாளிகள் கண்ட மாற்று எளிமையானது: தலைகளைப் பிரித்து வைப்பது. முதலில் பீடித் தொழிலில் இது நடந்தது. கொட்டகையில் உட்கார்ந்து சுற்றியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இலையையும் தூளையும் ஏஜெண்டு மூலம் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொண்டார்கள். திருநெல்வேலி, வேலூர்ப் பக்கத்துத் திண்ணைகளில் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் சுற்றினார்கள். தொழிற்சாலை என்ற ஒன்றே இல்லாமல் போனது.

அடுத்தது நெசவு. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாயில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்த வேலைநிறுத்தம் தோற்றது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆலைகள் நின்றிருந்த நாட்களிலும் நாட்டில் துணிக்குப் பஞ்சம் வரவில்லை என்பதைத்தான் நாம் போதிய அளவு யோசிக்கவில்லை. பிவண்டியிலும் இச்சல்கரஞ்சியிலும் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நம் பக்கத்தில் சோமனூரும் பல்லடமும் பள்ளிபாளையமும் அப்படி வளர்ந்தவைதாம். ஆலை நெய்த அதே துணியை, பி.எஃப். பிடிக்காத, ஹாஜர் புத்தகம் வைக்காத கொட்டகைகள் நெய்தன. ஒரே கூரைக்குக் கீழ் நான்கு பெயரில் நான்கு நிறுவனங்கள், ஒவ்வொன்றிலும் கணக்குக்கு ஐந்தாறு பேர் என்பதெல்லாம் ஊரறிந்த ரகசியம். 1996-இல் பெரம்பூர் பின்னி ஆலையும் மூடப்பட்டது.

2013-14 பொருளாதாரக் கணக்கெடுப்பு இதன் முழு உருவத்தைக் காட்டியது. பயிர்த்தொழிலை விட்டுவிட்டுப் பார்த்தால் நாட்டில் 5.85 கோடி நிறுவனங்கள். அவற்றில் வேலை பார்த்தவர்கள் சுமார் 13.13 கோடிப் பேர். ஒரு நிறுவனத்துக்குச் சராசரி 2.24 பேர். பத்துப் பேர் வந்தால்தான் திறக்கும் கதவை இரண்டே கால் பேர் கொண்ட நாட்டில் வைத்திருந்தோம். தொழிலாளர்களில் 92 விழுக்காட்டினர் எந்தப் பாதுகாப்பும் இல்லாத வேலையில் இருக்கிறார்கள் என்று அர்ஜுன் சென்குப்தா ஆணையம் 2007-இல் சொன்னதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

தொழில் முனைவோர் தரப்பு வாதத்தையும் கேட்க வேண்டும். ஒன்பது பேரை வைத்திருப்பவர் பத்தாவது ஆளைச் சேர்க்கப் பயப்படுகிறார். சேர்த்தால் பதிவேடுகளும் இன்ஸ்பெக்டரும் வந்துவிடுவார்கள். ஆகவே நிறுவனங்கள் வளராமல் குள்ளமாகவே நிற்கின்றன என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. சிறு பட்டறை நடத்தியவர் எவரிடம் கேட்டாலும் சொல்வார். ஆனால் அதற்கு அவர்கள் கேட்கும் மருந்து விசித்திரமானது: வரம்புக் கோட்டை மேலே தள்ளி வை என்பது. 2019-இலும் 2020-இலும் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அதைத்தான் செய்தன. மின்விசை உள்ள தொழிற்சாலைக்கு 10 என்பது 20 ஆனது. மின்விசை இல்லாததற்கு 40. காண்ட்ராக்ட் தொழிலாளர் வரம்பு 20-இலிருந்து 50. வெளிமாநிலத் தொழிலாளர் வரம்பு 5-இலிருந்து 10. ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி கேட்க வேண்டிய வரம்பு, 1976-இல் 300 ஆக இருந்து 1980-களில் 100 ஆகக் குறைந்து, மறுபடி 300-க்கே போனது. 1881 முதல் இறங்கிவந்த எண் இப்போது ஏறத் தொடங்கியிருக்கிறது. பத்தாவது ஆளைக் கண்டு வந்த பயம் இனி இருபதாவது ஆளைக் கண்டு வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதே தொகுப்புகளில் நல்லதும் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி, பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டும் என்றிருந்தது; இப்போது எல்லா வேலைக்கும் பொருந்தும். வேலைக்கு எடுக்கும்போது நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. எழுத்தில் இருப்பது நடைமுறையில் எவ்வளவு வரும் என்பது வேறு.

பெரிய ஆலைகளில் வேலை பார்ப்பவர்களாவது கோட்டுக்கு உள்ளே இருக்கிறார்களா என்றால், அதுவும் தேய்கிறது. பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் இன்று ஐந்தில் இருவர் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தில் ஒருவராகத்தான் இருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் நின்று ஒரே உதிரி பாகத்தைச் செய்யும் இருவரில் ஒருவர் கம்பெனி ஆள், மற்றவர் காண்ட்ராக்டர் ஆள். அந்தக் காண்ட்ராக்டரிடம் 49 பேர் இருந்தால் சட்டம் அவரைத் தேடி வராது.

எண்ணாமல் சட்டம் எழுத முடியுமா? நம் நாட்டிலேயே எழுதியிருக்கிறோம். 1966-இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் தலைகளைத் தேடாமல் இலையின் பின்னால் போனது. யார் இலை கொடுத்துச் சுற்றச் சொல்கிறாரோ அவரே முதலாளி. வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணும் தொழிலாளி. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயும் சட்டம் நின்றது. பின்னர் பி.எஃப். உரிமையும் வீட்டுத் தொழிலாளர்களுக்கு உறுதியானது. கணக்கில் காட்டாமல் ஏமாற்றும் ஏஜெண்டுகள் இன்றும் உண்டு என்றாலும், திண்ணையில் உட்கார்ந்து சுற்றிய பெண்ணுக்கு ஓய்வூதியம் கிடைக்க வழி பிறந்தது இப்படித்தான்.

மகாராஷ்டிரத்தின் 1969-ஆம் ஆண்டு மாதாடிச் சட்டம் இன்னொரு வழி. சந்தையில் மூட்டை தூக்குபவருக்கு ஒரு முதலாளி கிடையாது. காலையில் ஒரு கடை, மாலையில் ஒரு கடை. ஆகவே கடைக்காரர்கள் அந்தச் சட்டம் அமைத்த வாரியத்தில் பதிந்து கூலியையும் அதற்கு மேல் ஒரு பங்கையும் அங்கே கட்டினார்கள். வாரியம் கூலியோடு பி.எஃப்., போனஸ் எல்லாம் கொடுத்தது. தமிழகம் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்து வாரியங்கள் அமைத்தது. ஆனால் அவை கூலியைத் தொடாமல் திருமண உதவி, கல்வி உதவி, ஓய்வூதியம் என்று உதவித்தொகை அலுவலகங்களாக நின்றுவிட்டன என்பது என் வருத்தம்.

உணவு கொண்டுவந்து தருபவர்கள் விஷயத்தில் அரசு மறுபடி இந்த வழிக்கு வந்திருப்பது கவனிக்கத்தக்கது. செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பாதுகாப்புக்குத் தர வேண்டும் என்கிறது புதிய தொகுப்பு. தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் ஐந்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறது. 2023-இல் ராஜஸ்தான் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் கட்டணம் பிடிக்கச் சட்டம் செய்தது. அந்தத் தொழிலாளர்களை ஊழியர் என்று ஒப்புக்கொள்ளாதது பெரிய குறைதான். ஆனாலும் பணம் போகும் வழியைப் பின்தொடர முடியும் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது.

அப்படியானால் பல்லடத்து விசைத்தறிக் கொட்டகைக்கு ஏன் முடியாது? அங்கே எட்டுத் தறி வைத்திருப்பவர் இரண்டு பேருக்கு முதலாளி. அவருக்குப் பாவு நூல் கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி தரும் ஜவுளி உற்பத்தியாளருக்கு அவரே கூலிக்காரர். கூலி உயர்வு கேட்டு இவர்கள் வாரக்கணக்கில் தறியை நிறுத்துவதும், அதிகாரிகள் முன்னிலையில் ஒப்பந்தம் போடுவதும், அது சரியாக அமலாகவில்லை என்று மறுபடி நிறுத்துவதும் அடிக்கடி நடக்கிற கதை. அந்தக் கொட்டகையில் தலை எண்ணினால் இரண்டோ மூன்றோதான் வரும். நூல் யாருடையது, துணி யாரிடம் போகிறது என்று கேட்டால் உற்பத்தியாளரின் பெயர் வரும், அவர் போட்ட பில்லும் வரும். அந்த பில்லில் ஒரு பங்கு பிடித்து, தறி ஓட்டுபவர் பெயரில் வரவு வைக்கும் வாரியம் ஒன்றை அமைக்க மாநில அரசுக்கு முன்மாதிரிகள் கையிலேயே இருக்கின்றன. எதிர்ப்பு உற்பத்தியாளர்களிடமிருந்து வரும். துணி விலை மீட்டருக்குச் சில காசு ஏறும் என்பார்கள். ஏறட்டும்.