விரலுக்கு மோதிரமா, மோதிரத்துக்கு விரலா?

ஊரில் கலியாண வீட்டின் பல சடங்குகளுள் ஒன்றாக இருந்த மோதிரம் மாற்றல், புலம்பெயர்ந்த நாடுகளில் தனிச்சிறப்புப் பெற்றுவிட்டது. பதிவுத் திருமணத்தன்று விரலில் ஏறிய மோதிரத்தை அன்று தொட்டு ஒருபோதும் கழற்றாதோர் எம்மிடையே பலர். துணைவி ஊரிலும் தாம் இங்குமாகப் பல ஆண்டுகள் விசாவுக்குக் காத்திருந்தோருக்கு அந்த மோதிரமே துணையாயிருந்தது. ஆதலால், "வேலைக்குச் செல்லும்போது மோதிரத்தைக் கழற்றி வையுங்கள்" என்று எவரேனும் கூறினால் எம்மவரின் முகம் சுருங்குகின்றது. அபசகுனம் என்று வீட்டுப் பெரியவர்களும் தடுக்கின்றனர். அந்த உணர்வை நாம் மதிக்கின்றோம். எனினும், எம்மவருட் பெரும்பாலோர் கைகளால் உழைத்து வாழ்வோர் என்பதனால், இதுபற்றிச் சிலவற்றை வெளிப்படையாக எழுதவேண்டியுள்ளது.

விரலிலே தசை மிகக் குறைவு. தோலின் கீழே மெல்லிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நீளவாக்கில் ஓடுகின்றன. லொறியிலிருந்து குதிக்கும்போதோ, ஏணியிலிருந்து வழுக்கும்போதோ, மோதிரம் ஓர் ஆணியிலோ கொளுக்கியிலோ சிக்கினால், உடலின் முழுப் பாரமும் கணப்பொழுதில் அந்த ஒரு வளையத்தில் தொங்குகின்றது. மோதிரம் உடைவதில்லை, விரலின் தோலே உரிந்து வருகின்றது. சில வேளைகளில் விரலே போய்விடுகின்றது. 1981இல் ஏர்பனியாக் என்னும் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடன் பணியாற்றியோரும் இக்காயங்களை மூன்று வகையாகப் பிரித்தனர். முதல் வகையில் விரலின் இரத்தவோட்டம் குறையாதிருக்கும். இரண்டாவதில் அது குன்றிவிடும். மூன்றாவதில் தோல் முற்றாக உரிந்திருக்கும், அல்லது விரல் துண்டாகியிருக்கும். கத்தியால் வெட்டுண்ட விரலை மீளப் பொருத்துவதிலும் இவ்வாறு இழுபட்ட விரலைப் பொருத்துவது கடினம். இழுபட்ட குழாய்கள் நெடுந்தூரத்துக்குச் சிதைந்து போவதே அதற்குக் காரணம்.

இது தொழிற்சாலைக்கு மட்டும் உரிய ஆபத்தன்று. அமெரிக்கத் தொலைக்காட்சிக் கலைஞர் ஜிம்மி ஃபாலன் 2015 ஜூன் மாதத்தில் தமது வீட்டிலேயே கால்விரிப்பில் இடறினார். விழாதிருக்கக் குசினி மேடையைப் பிடிக்க முயன்றபோது, திருமண மோதிரம் அதிற் சிக்கியது. காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து விரலிற் பொருத்தி, ஆறு மணிநேரம் நடந்த நுண் சத்திரசிகிச்சையாற்றான் அவரது விரல் தப்பியது. பத்து நாட்கள் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். பெரும் செல்வரான அவருக்குத் தொழில் காத்திருந்தது. மணித்தியாலக் கணக்கிற் கூலி பெறும் எம்மவருக்கு இடதுகை விரலொன்று போனால், வேலை காத்திருக்குமா?

இரண்டாவது ஆபத்து மின்சாரத்தால் வருவது. பொன்னும் வெள்ளியும் மின்னை நன்கு கடத்துவன. வாகனத்தின் பற்றரி 12 வோல்ற்றுத்தானே என்று அலட்சியம் செய்வோர் உளர். நேர்முனைக்கும் வாகனத்தின் இரும்புப் பகுதிக்கும் இடையே மோதிரம் பாலமாகிவிட்டால், நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் அதனூடாகப் பாயும். மோதிரம் நொடியிற் செந்தணலாகி, விரலைச் சுற்றிலும் பொசுக்கிவிடும். வாகனம் திருத்துவோரும் மின்வேலை செய்வோரும் இதனை மறத்தலாகாது. வைத்தியசாலையில் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குச் செல்பவரும் மோதிரம், தாலிக்கொடி முதலிய யாவற்றையும் கழற்றியே ஆகவேண்டும். பொன் காந்தத்தால் இழுக்கப்படாது. ஆயினும் அவ்வியந்திரத்தின் அலைகளால் உலோகம் சூடேறக்கூடும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத தொல்லை. உணவகங்களிற் கோப்பை கழுவுவோரின் மோதிரத்தின் கீழே சவர்க்கார நீர் தேங்கிநின்று, தோல் சிவந்து வெடிக்கின்றது. "பவுண் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் குற்றம் பொன்னினதன்று; ஈரத்தினது. சிலருக்கு மட்டும் உலோகமே ஒவ்வாமையைத் தருகின்றது. அதற்குப் பெரிதும் காரணமாவது நிக்கல். வெள்ளைப் பொன் எனப்படும் கலவைகள் சிலவற்றில் நிக்கல் உண்டு. 1994இல் ஐரோப்பிய ஒன்றியம் தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருட்களிலிருந்து வெளியேறும் நிக்கலுக்கு எல்லை விதித்தது. வாரமொன்றுக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 0.5 மைக்குரோகிராம் என்பதே அவ்வெல்லை. வாங்கும்போது, "இதில் நிக்கல் உண்டா?" என்று கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

அவ்வாறாயின் எத்தகைய மோதிரத்தைத் தெரிவு செய்வது? எம்மவர் விரும்பும் 22 கரட் பொன்னில் 91.6 வீதம் தூய பொன். அது மென்மையானது, பாரமான பொருள் விழுந்தால் நசுங்கி விரலை இறுக்கும். ஆனால் வைத்தியசாலையில் அதை இலகுவாக வெட்டியெடுக்கலாம். இளைஞர் இப்போது நாடும் டைட்டேனியத்தையும் வெட்டலாம். ஆயின் உறுதியான கருவியும் கூடிய நேரமும் தேவை. டங்ஸ்டன் காபைட் மோதிரமோ வெட்டுக் கருவிக்கு இணங்காது. அது உறுதியானதேனும் நொறுங்குமியல்புடையது. ஆகவே இறுக்கிப் பிடிக்கும் குறட்டினால் சிறிது சிறிதாக நெரித்து உடைத்தே அதனை அகற்றுவர். அத்தகைய மோதிரம் அணிபவர் அதன் பெயரை நினைவில் வைத்திருந்து வைத்தியரிடம் சொல்வது நன்று. கல் எழும்பி நிற்கும் மோதிரங்களிலும் வழவழப்பான, விளிம்பு மழுங்கிய மோதிரமே சிக்காது. குளிர்காலத்தில் விரல் சுருங்கும், கோடையில் வீங்கும். காலைக் குளிரில் அளவு கொடுத்து வாங்கும் மோதிரம் மாலையில் இறுகும். கர்ப்பிணிப் பெண்கள் விரல் வீங்குமுன்னரே கழற்றிவைத்தல் வேண்டும். வேலையிலும் ஏதாவது அணிந்தே தீருவேன் என்போருக்குச் சிலிக்கோன் மோதிரங்கள் கிடைக்கின்றன. இழுபட்டால் அவை அறுந்துவிடும், விரல் தப்பும்.

கையில் அடிபட்டால், எந்த விரலில் அடி என்று பாராது, வீக்கம் தொடங்குமுன் அக்கையின் மோதிரங்களை உடனே கழற்றுக. இறுகிய மோதிரத்தை வலிந்து இழுத்தலாகாது. இழுக்க இழுக்க வீக்கமே கூடும். கையைச் சற்றுநேரம் உயர்த்திப் பிடித்து, குளிர்ந்த நீரில் நனைத்து, சவர்க்காரம் பூசித் திருகிப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிடின் ஒரு நூலை எடுத்து, அதன் நுனியை மோதிரத்தின் கீழாக உள்ளங்கைப் பக்கம் செலுத்துக. மிகுதி நூலை மோதிரத்தையொட்டித் தொடங்கி, மூட்டையும் தாண்டி, நுனி நோக்கி நெருக்கமாகச் சுற்றுக. பின் உள்ளங்கைப் பக்கமுள்ள நுனியைப் பிடித்து, விரல் நுனியை நோக்கி இழுத்தவாறு சுற்றை அவிழ்த்தால் மோதிரமும் கூடவே நகர்ந்து வரும். விரல் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, காயம் இருந்தாலோ இந்த முயற்சிகளை விட்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்க. மோதிரம் வெட்டப்பட்டாலும் பொற்கொல்லர் ஒட்டித் தருவார். விரலை ஒட்டுவது அவ்வளவு இலகுவன்று.

அபசகுனம் என்போருக்கு ஒரு சொல். இராமன் தன் கணையாழியைக் கழற்றி அனுமனிடம் கொடுத்தனுப்பினான். விரலைவிட்டு நீங்கியதனாலேயே அது அசோகவனத்துச் சீதைக்கு உயிர் தந்தது. சகுந்தலையோ மோதிரத்தை விரலிலேயே அணிந்திருந்தாள். அது நீரில் நழுவி மீன் வயிற்றுக்குப் போயிற்று. எமது சடங்குகளில் விரலில் இடும் தருப்பைப் பவித்திரத்தையும், காரியம் முடிந்ததும் கழற்றிவிடுகின்றோம். ஆகவே கழற்றுதல் எமது மரபுக்குப் புதிதன்று.

கழற்றிய மோதிரத்தை வேலைத்தலத்தின் கைகழுவுமிடத்தில் வைத்தலாகாது. அங்கேதான் அது தொலையும். சங்கிலியிற் கோத்துக் கழுத்தில் அணிவதும் இயந்திரத்தருகே ஆபத்தே. சுவாமிப் படத்தின் முன்னே ஒரு சிறு கிண்ணம் போதும். காலையில் அதில் இட்டுச் சென்று, மாலையில் வந்து அணிந்துகொள்க. கட்டிய துணை எதிர்பார்த்திருப்பது மோதிரத்தின் வரவையன்று; ஐந்து விரலும் குறையாத கையின் வரவையே.