கல்லை விற்றவன் நிலத்தைத் திருப்பித் தரட்டும்!

மாங்காட்டுக்குப் பக்கத்தில் சிக்கராயபுரம் கல்குட்டைகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கல்லை உடைத்து விற்றுத் தீர்த்துவிட்டு, முதலாளிகள் அப்படியே போட்டுவிட்டுப் போன பள்ளங்கள் அவை. 2017 வறட்சியிலும் 2019 வறட்சியிலும் சென்னைக்கு இங்கிருந்தும் குடிதண்ணீர் இறைத்தார்கள். கிடைத்துவிட்டது குவாரிக்காரர்களுக்கு ஒரு சாக்கு! பள்ளம் கெடுதலா, பட்டணத்துக்கே தண்ணீர் கொடுத்ததே என்கிறார்கள்.

நல்ல நியாயம்! வீட்டைக் கொளுத்தியவன், குளிர்காய நெருப்புக் கொடுத்தேன் என்று கூலி கேட்பது போல!

ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு, மாடு இறங்கச் சரிவு உண்டு. கல்குட்டைக்கு என்ன உண்டு? செங்குத்தான பாறைச் சுவர். விழுந்தால் மனிதனே ஏற முடியாது. ஒரகடம் பக்கம் ஆடு மேய்க்கும் ஒரு ஆயா சொன்னார்: "மேய்ச்சல் கொஞ்சம் பேட்டைக்குப் போச்சு, கொஞ்சம் குவாரிக்குப் போச்சு தம்பி. மிச்சத்துக்கு ஓட்டினா காலுக்குக் கீழே பள்ளம்."

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2020 ஜனவரி 8ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது: சுரங்க வேலை முடிந்ததும் குத்தகைதாரர் தம் சொந்தச் செலவில் அங்கே மறுபடி புல் வளர்க்க வேண்டும், தீவனமும் செடிகொடியும் உயிர்ப்பிராணிகளும் தழைக்கும் நிலமாக அதை ஆக்க வேண்டும். கல், ஜல்லி, கிராவல் விஷயத்தில் டில்லியைக் கைகாட்டித் தப்பவும் முடியாது. 1957ம் வருஷத்துச் சட்டமே அந்த அதிகாரத்தை மாநில சர்க்காரிடம் விட்டிருக்கிறது.

ஆனால் கடைசி லோடு போனபின் குத்தகைதாரரை எங்கே தேடுவது? முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே 1977ல் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சட்டம் போட்டார்கள்: முதலில் காப்புப் பணம், பிறகுதான் லைசென்ஸ். செடிகொடி வேரூன்றி ஐந்து வருஷம், மழை குறைந்த பிரதேசத்தில் பத்து வருஷம் நிலைத்தால்தான் பணம் முழுவதும் கைக்கு வரும். (அங்கேயும் திவால் என்று கைவிரித்து ஓடியவர்கள் உண்டு. முதலாளி எங்கும் முதலாளிதானே!) இங்கே முதல் வெடி வைக்கும் முன்பே அந்தப் பணத்தைக் கட்டச் சொன்னால் என்ன?

இத்தனை ஆழப் பள்ளத்தை மூட மண்ணுக்கு எங்கே போவது என்பார்கள். உண்மைதான், இன்னொரு ஊரைத் தோண்டி இதை நிரப்பச் சொல்லவில்லை. விளிம்பைப் படிப்படியாக உடைத்துச் சரிவாக்கட்டும், வேலி போடட்டும். ஆரம்பத்திலேயே மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, கடைசியில் அதையே பரப்பட்டும். புல் விதையும் வேரும் உயிரோடிருப்பது அந்த ஒரு சாண் மண்ணில்தான். அதை அடிமண்ணோடு கலந்துவிட்டால் சீமைக்கருவேலம்தான் முளைக்கும். நாலு தைலமரக் கன்றை நட்டுப் போட்டோ பிடிக்கிற வேலையும் வேண்டாம். களா, காரை, சூரை, ஆவாரை, வீரை இவைதான் இந்தப் பூமிக்குரியவை. ஐப்பசி மழைக்கு முன் நட்டு, இரண்டு மூன்று கோடை தண்ணீர் ஊற்ற வேண்டும். அத்தனையும் கூலி வேலை! அந்தக் கூலி விவசாயத் தொழிலாளிக்கு, குவாரி லாபத்திலிருந்து வரவேண்டிய கூலி.

மே 1ந் தேதி கிராம சபை கூடும். ஆலைத் தோழர்களே, கொடியேற்றிவிட்டு விவசாயத் தொழிலாளிகளோடு அங்கே போய் உட்காருங்கள். ஊர்க் குவாரியின் சர்வே நம்பரைச் சொல்லி, குத்தகை என்று முடிகிறது, மேல்மண் எங்கே குவித்திருக்கிறது, நிலத்தைச் சீர்செய்ய யார் எவ்வளவு பணம் கட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆளில்லையென்றால், அதையும் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.