மாய வாள் எந்த லெவலில்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகை மேசை ஆட்டங்களில் ஒரு கதாபாத்திரம் இரண்டு விதமாக வளர்கிறது. அனுபவப் புள்ளிகள் சேர்ந்து லெவல் ஏறுவது ஒன்று, கைக்கு வரும் பொருள்களால் வலுப்பெறுவது இன்னொன்று. லெவல் ஏறும் வேகத்தை விதிநூலின் அட்டவணை பார்த்துக்கொள்ளும். பொருள் சேரும் வேகமோ பெருமளவு ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரின் பொறுப்பு. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஓடும் ஒரு கேம்பெயினில் இந்த வேகம் தப்பினால் ஆட்டம் மெல்லச் சாரம் இழக்கும். அள்ளிக் கொடுத்தால் ஆபத்து என்பதே இல்லாமல் போகும். கையை இறுக்கினால் அடுத்த குகைக்குள் நுழையும் ஆசை வற்றிவிடும்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய முதல் பதிப்பில் புதையலுக்கே அனுபவப் புள்ளி உண்டு. குகையிலிருந்து பத்திரமாக வெளியே வரும் பொற்காசு ஒன்றுக்கு ஒரு புள்ளி என்பது கணக்கு. அரக்கர்களைக் கொல்வதற்கான புள்ளியை அடுத்த ஆண்டே வந்த ‘கிரேஹாக்’ இணைப்பு நூல் வெகுவாகக் குறைத்துவிட்டது. இதனால் ஆடுபவர்கள் சண்டையைத் தவிர்த்துப் பெட்டியைத் தூக்குவதில் புத்தியைச் செலவிட்டார்கள். தூக்குவதும் எளிதல்ல. பத்துக் காசு ஒரு பவுண்டு எடை என்பதால் ஆயிரம் காசு என்றால் நூறு பவுண்டு, ஏறக்குறைய 45 கிலோ. ஆளை அழைத்து வரவேண்டும், கோவேறு கழுதை வேண்டும். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த காசு தங்காமல் வெளியேறவும் வழி இருந்தது. 1979-இல் கைகாக்ஸ் எழுதிய டன்ஜன் மாஸ்டர் வழிகாட்டியின்படி, லெவல் ஏற ஆசானிடம் பயிற்சி பெற வேண்டும். லெவலை 1,500-ஆல் பெருக்கி வரும் பொற்காசு ஒவ்வொரு வாரத்துக்கும் கட்டணம். கேட்பதற்கு மிகை போலிருந்தாலும் நல்ல ஏற்பாடு இது. வரவு பெரிதாக இருக்கலாம், செலவும் அதற்கு ஈடாக இருந்தால் போதும்.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்தக் கணக்கை அட்டவணையாக்கியது. 5-ஆம் லெவலில் ஒருவரிடம் இருக்க வேண்டிய உடைமையின் மதிப்பு 9,000 பொற்காசு. 10-ஆம் லெவலில் 49,000. 20-ஆம் லெவலில் 7,60,000. எதிரிகளின் வலுவும் இதை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது. விளைவு, மாயப் பொருள் கட்டாயத் தேவையாகிவிட்டது. பாதுகாப்பு மோதிரமும் வலிமைக் கச்சையும் இல்லாத வீரன் பின்தங்கினான். 2008-இல் நான்காம் பதிப்பு இன்னும் ஒரு படி போயிற்று. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு லெவலுக்குப் பத்துப் பங்குகள், அதில் நான்கு மாயப் பொருள்கள். வேண்டியவற்றை ஆடுபவர்களே பட்டியலிட்டுத் தரலாம். பங்கீட்டில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கேட்ட பொருள் கேட்ட நாளில் வந்தால் அது புதையல் அல்ல, முதல் தேதிச் சம்பளம். திறக்கும் பெட்டிக்குள் என்ன இருக்குமோ என்ற படபடப்புதான் இந்த ஆட்டத்தின் உயிர். அதை இழந்து கிடைக்கும் நியாயம் அவ்வளவு பெரிய லாபமில்லை.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு எதிர்த்திசையில் நடந்தது. மாயப் பொருளே இல்லாத குழுவும் எதிரிகளைச் சமாளிக்கும்படி எண்களைத் தாழ்வாக வைத்தார்கள். அதனால்தான் இப்பதிப்பில் ஒரு சிறு கூட்டல்கூடப் பெரிய வேலை செய்கிறது. இருபது பக்கப் பகடையில் ஒவ்வொரு கூட்டலும் ஐந்து சதவீதம். ஓர் அரக்கன் 11 அல்லது அதற்கு மேல் போட்டால் வீரன்மேல் அடி விழும் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஐம்பது அடிகள் விழும். அவனுக்கு மூன்று கூட்டும் கவசம் கிடைத்தால் 14 தேவை, விழும் அடி 35. கூடவே மூன்று கூட்டும் கேடயமும் வந்துவிட்டால் 17 தேவை, விழும் அடி 20. இரண்டே பொருளில் அரக்கனின் வலு பாதிக்கும் கீழே போய்விட்டது. டன்ஜன் மாஸ்டர் இதைச் சரிக்கட்ட வலிய அரக்கனைக் கொண்டுவருவார். அவன் அந்த வீரனுக்குச் சரியான எதிரி; பக்கத்தில் கவசமின்றி நிற்கும் மந்திரவாதிக்கு யமன். அளவு மீறிய பரிசால் வரும் உண்மையான கேடு இதுதான். ஆட்டம் எளிதாகிவிடுகிறது என்பதைக்கூடத் தாங்கலாம். ஒரே குழுவுக்குள் ஒருவருக்கு விளையாட்டாக இருக்கும் சண்டை மற்றவருக்குச் சாவாக மாறுவதைத் தாங்க முடியாது.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு அந்தப் பதிப்பே அளவு தருகிறது. பொருள்கள் அருமையைப் பொறுத்துத் தரம் பிரிக்கப்பட்டுள்ளன. அரிய பொருள் 5-ஆம் லெவலிலிருந்தும், மிக அரிய பொருள் 11-இலிருந்தும், புராணத் தரத்தவை 17-இலிருந்தும் தகும். வலிய பொருள்களில் பலவற்றை உடையவரோடு பிணைத்தால்தான் முழுப் பயன். ஒருவர் மூன்றுக்கு மேல் பிணைக்க முடியாது. 2017-இல் வெளியான ‘ஜானத்தார்’ நூல் மொத்த எண்ணிக்கையையே சொல்லிவிடுகிறது. 1-ஆம் லெவலிலிருந்து 20 வரை ஒரு குழுவுக்கு நூறு மாயப் பொருள்கள். அவற்றில் எண்பது சிறியவை, இருபது பெரியவை. முதல் நான்கு லெவல்களில் வரும் பெரிய பொருள் குழு முழுவதற்கும் இரண்டே இரண்டு. நான்கு பேர் ஆடினால் இருவருக்குப் பெரியது ஒன்றுமே இராது. புதிதாக நடத்துபவர்கள் மனத்தில் பதிக்க வேண்டிய எண் இது. முதல் மாதத்திலேயே ஆளுக்கொரு மாய ஆயுதம் கொடுத்துவிடும் ஆசை பலருக்கும் வருகிறது.

எண்பது சிறியவற்றில் பெரும்பகுதி குடித்தால் தீரும் மருந்தும் படித்தால் அழியும் சுருளும்தான். இவற்றைத் தாராளமாகத் தரலாம். அடுத்த அமர்விலேயே தீர்ந்துவிடும் என்பதால் கணக்கு கெடாது.

ஐந்தாம் பதிப்பின் தொடக்கப் பெட்டியில் வந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர்’ என்ற சாகசம் 1 முதல் 5-ஆம் லெவல் வரை செல்வது. இடைவெளி விடுவதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. முதல் குகையில் கிளார்க் என்னும் தலைவனின் பெட்டிக்குள் 600 செப்புக்காசு, 110 வெள்ளிக்காசு, காயம் ஆற்றும் மருந்து இரண்டு குப்பி, பொன் கண்கள் பதித்த பச்சைக்கல் தவளைப் பொம்மை ஒன்று. காசு மொத்தமும் 17 பொன்தான் தேறும். தவளை 40 பொன் பெறும். அங்கேயே கிடக்கும் திருட்டுச் சரக்கை உரிய வணிகரிடம் சேர்த்தால் 50 பொன் வெகுமதி. மாய ஆயுதம் எதுவும் இல்லை. ஆனால் சேர்ப்பித்த சரக்கு ஊரில் ஒரு நட்பைப் பெற்றுத் தருகிறது.

பிறகுதான் மாயப் பொருள்கள் வருகின்றன, அவையும் ஒவ்வொன்றாக. டாலன் என்னும் வாளின் கைப்பிடி சிறகு விரித்த பறவை போன்றது. ஊருக்குப் பக்கத்துப் பாழடைந்த மாளிகையைக் காத்து மடிந்த வீரர் ஒருவருடையது. அதே மாளிகையின் அடியில் பதுங்கியிருக்கும் வில்லன் கண்ணாடிக் கோலைச் சண்டையில் தானே பயன்படுத்துகிறான். அதன் சக்தியை முதலில் எதிர்கொள்பவர்கள் ஆடுபவர்கள். கோல் கைக்கு வரும்போது அதைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. ஹியூ என்ற கோடரி பச்சை டிராகனின் கோபுரத்தில் இருக்கிறது. அந்த லெவலில் குழுவையே அழிக்கக்கூடிய டிராகன் அது. போவதா, விடுவதா என்பது ஆடுபவர்கள் முடிவு. செடிகொடி உயிர்களை வெட்டச் செய்த கோடரியாதலால், ஏந்தியவருக்குக் காட்டுக்குள் மனம் நிலைகொள்ளாது. எண்ணளவில் ஒரு கூட்டல் மட்டுமே தரும் ஆயுதம் அது. இந்த ஒரு குணத்தால் அதற்கு முகம் கிடைத்துவிடுகிறது. கடைசிக் குகையில்தான் லைட்பிரிங்கர் தண்டாயுதம். ஒவ்வொன்றையும் பழகி, பெயர் சொல்லி, ஒரு சண்டையாவது அதனால் ஜெயித்த பிறகே பெரும்பாலும் அடுத்தது வருகிறது.

பொற்காசு விஷயத்தில் ஐந்தாம் பதிப்பு பலவீனமானது. 1,500 பொன் கொடுத்து முழுத்தகடு கவசம் வாங்கிய வீரனுக்கு ஆயுத, கவச விலைப்பட்டியலில் அதற்குமேல் பெரிதாக எதுவும் இல்லை. செலவுக்கான வழியை டன்ஜன் மாஸ்டரே திறக்க வேண்டும். கப்பல், இடிந்த கோட்டை, தொழிலாளர் கூலி என்று இருக்கலாம். இறந்தவரை மீட்கும் மந்திரத்துக்கு 300 பொன் முதல் மேலே மேலே விலையுள்ள வைரம் தேவை. அந்த வைரம் எளிதில் கிடைக்காத ஊராகக் கதையை அமைத்தாலே காசுக்கு மதிப்பு வந்துவிடும். உலகையே பஞ்சமாக அமைப்பதும் உண்டு. 1991-இல் வந்த ‘டார்க் சன்’ பாலைவன உலகில் உலோகம் அரிது, நாணயம்கூடச் சுட்ட மண். அங்கே சாதாரண இரும்பு வாளே புதையல்.

நீண்ட கேம்பெயினுக்குப் பொருத்தமான இன்னொரு முறை, பொருளையே வளரவிடுவது. 2020-இல் மேத்யூ மெர்சரின் ‘வைல்ட்மவுண்ட்’ நூலில் வரும் தொல்பொருள்கள் உறங்கும் நிலை, விழித்த நிலை, உன்னத நிலை என மூன்று கட்டமாகச் சக்தி பெறுகின்றன. பாட்டன் வாளை 8-ஆம் லெவலில் விற்றுவிட்டுப் புதிய வாள் வாங்கும் அவலம் இதில் இல்லை.

அளவு மீறிக் கொடுத்துவிட்டால் பிடுங்குவது தவறு. பழைய பதிப்புகளில் மாய இரும்பையும் தின்னும் துருப்பூச்சி அரக்கனை ஏவுவதும், தூங்கும்போது திருடனை அனுப்புவதும் வழக்கமாக இருந்தன. ஆடுபவர்கள் அதை அரக்கன் செய்ததாக எடுத்துக்கொள்வதில்லை, நடத்துபவர் செய்த பழியாகவே எண்ணுவார்கள். மேசையில் நேராகப் பேசி, எந்தப் பொருள் ஏன் சிக்கல் என்று சொல்லி, அதன் சக்தியை ஒப்புதலோடு குறைக்கலாம். அதற்கும் மனமில்லாவிட்டால் அடுத்த இரண்டு மூன்று லெவல்களுக்குப் புதையலில் காசும் மருந்தும் மட்டும் வைத்துக்கொண்டு போகலாம். அதற்குள் கதாபாத்திரங்களின் லெவல் பொருளின் தரத்தை எட்டிப் பிடித்துவிடும்.