‘அப்ரூவ்டு’ வேறு, ‘எண்டார்ஸ்டு’ வேறு!

சத்துபானப் பாக்கெட்டில் ஒரு நடிகர் சிரிக்கிறார். பின்பக்கம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண். ‘கவர்ன்மென்ட்டே அப்ரூவ் பண்ணிடுச்சே, அப்புறம் என்ன?’ என்று வாங்கிவிடுகிறோம்.

‘அப்ரூவல்’ என்பது அதிகாரம் உள்ளவர் பரிசீலித்துத் தரும் ஒப்புதல். நடிகர் செய்வது ‘எண்டார்ஸ்மென்ட்’, அதாவது விளம்பரப் பரிந்துரை. அந்த எண்ணோ உணவுத் தொழில் நடத்துவதற்கான அனுமதி மட்டுமே. ‘குடித்தால் பிள்ளை உயரமாக வளரும்’ என்பதற்கு இரண்டுமே சான்று அல்ல.

பொய் விளம்பரத்தில் தோன்றும் பிரபலத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. ஆனால், அந்த அபராதம் நம் கைக்கு வராது. ஆகவே, யார் சொல்றாங்க, எதுக்குச் சொல்றாங்கன்னு பார்த்துட்டு வாங்குங்க!