வாங்கிய பெட்டி யாருடையது?

ஊர்காவற்றுறையில் உள்ள எங்கள் வீடு பாட்டனார் கட்டிய பழைய கல்வீடு. சுண்ணச்சாந்து பூசிய அதன் சுவர்கள் ஒரு முழத்துக்கு மேற்பட்ட தடிப்புடையவை. வெயிலையும் உப்புக்காற்றையும் தடுப்பதற்கென்று எழுப்பிய அச்சுவர்கள் இப்பொழுது வைஃபை அலையையும் தடுத்துவிடுகின்றன. விறாந்தையில் இருக்கும் றவுட்டரின் அலை நடுக்கூடத்தோடு நின்றுவிடும். அடுக்களைக்கு அருகிலுள்ள அறையில் இருப்பவர் என் தமக்கையார். அவருடைய பேரப்பிள்ளைகள் இருப்பது ரொறன்ரோவில். நாள்தோறும் மாலையில் பாட்டியாரின் முகம் பார்த்துப் பேசிவிட்டுத்தான் அவர்கள் பள்ளிக்குப் புறப்படுவார்கள். இந்த உறவுக்கு இடையே நின்று தூது நடத்தியது நடுக்கூடத்துச் சுவரிலே செருகியிருந்த ஒரு சிறு பெட்டி. ஊரவர் அதனை எக்ஸ்டென்டர் என்பர். முன்னே வரும் அலையை வாங்கிப் பின்னே விடுவது அதன் தொழில். ஆதலின் அலைநீட்டி என்று நாம் வழங்குவோம்.

சென்ற ஆண்டு அந்த அலைநீட்டி தூது மறந்தது. இரண்டு நாழிகைக்கு ஒருமுறை இணைப்பு அறும். அதனைச் சீர்செய்வதற்கு அந்த நிறுவனத்தாரின் செயலி ஒன்று கைப்பேசியில் வேண்டும். அச்செயலியோ புதிய கைப்பேசிகளில் ஏறமாட்டேன் என்கிறது. பட்டணத்துக் கடை ஒன்றிற் காட்டினேன். கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பழைய மொடல், ஐயா. இதற்கு இனிக் கொம்பனி ஒன்றும் விடாது. எறிந்துவிட்டுப் புதிது எடுங்கள்” என்றார். பெட்டியில் விளக்கு எரிகிறது, சூடும் இல்லை, உடைவும் இல்லை. உயிரோடு இருப்பதை எதற்காக எறிவது?

பெறாமகன் ஒருவன் கணினி படிக்கிறான். அவன் பார்த்துவிட்டு, “பெட்டிக்குப் பழுதில்லைப் பெரியப்பா. உள்ளே இருக்கிற ஏடுதான் பழசு. வேறே ஏடு எழுதலாம்” என்றான். ஏடு என்ற சொல்லை எனக்காகவே அவன் தெரிந்தெடுத்தான் போலும். ஆயினும் சொல் பொருந்திற்று.

இவ்வேட்டினை நிலைப்பொருள் என்று கலைச்சொல் அகராதியார் வழங்குவர். வன்பொருள் பெட்டி, மென்பொருள் நாம் வேண்டும்போது ஏற்றி இறக்குவது, இரண்டுக்கும் நடுவே பெட்டியோடு ஒட்டிக்கிடந்து அதனை இயக்குவது நிலைப்பொருள். பெயர் ஓரளவே பொருந்துகிறது. ஏனெனில் அது நிலையானதன்று, அழித்தெழுதத் தக்கது. நிலையானது என்று நம்மை நம்பச்செய்வதிலேதான் விற்பவரின் ஆதாயம் இருக்கிறது.

தமிழ் படித்தவருக்கு மூலம், உரை என்னும் வேறுபாட்டைச் சொல்லவேண்டியதில்லை. கணினி நிரலுக்கும் மூலம் உண்டு. மனிதன் எழுதுவது மூலநிரல். அதனைப் பொறிக்கு மட்டும் விளங்கும் எண்களாக மாற்றிப் பெட்டியில் இடுவர். மூலத்தை மறைத்து எண்களை மட்டும் கொடுத்தால், வாங்கியவன் பயன்படுத்தலாம், படிக்க முடியாது, பிழை கண்டாலும் திருத்த முடியாது. இதற்கு மாறாக, மூலத்தைத் திறந்து வைக்கும் ஒரு மரபும் உண்டு. அதற்கு அரண் செய்தவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983 இல் தொடங்கிய அவர் முயற்சி, 1989 இல் ஓர் உரிமப் பத்திரமாக உருப்பெற்றது. இந்நிரலை எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம், விற்கவுஞ் செய்யலாம். ஆனால் பிறருக்குக் கொடுப்பவர் அதன் மூலத்தையும் கொடுத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். லினக்ஸ் என்னும் பெருநிரல் இவ்வுரிமத்தின் கீழ் வழங்குவது.

இனி நடந்ததைக் கேளுங்கள். லிங்சிஸ் என்னும் நிறுவனம் 2002 ஆம் ஆண்டின் இறுதியில் டபிள்யூ.ஆர்.ரி. 54 ஜீ என்ற நீலநிற றவுட்டர் ஒன்றை விற்பனைக்கு விட்டது. மறு ஆண்டு அந்நிறுவனத்தைச் சிஸ்கோ வாங்கிற்று. வாங்கிய சூட்டிலே, அப்பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்பதைச் சில இளைஞர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். உரிமப்படி மூலம் எங்கே என்று கேட்டார்கள். அதே 2003 இல் நிறுவனம் மூலத்தை வெளியிட நேர்ந்தது. அந்த மூலத்தைக் கையிலெடுத்து 2004 இல் எழுந்ததே ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. என்னும் திறந்த நிலைப்பொருள். பெயரின் பிற்பகுதி அந்த நீலப் பெட்டியின் பெயரே. இன்று வெவ்வேறு நிறுவனங்கள் செய்த நூற்றுக்கணக்கான பெட்டிகளில் அது ஓடுகிறது. எங்கள் அலைநீட்டியில் ஏறியதும் அதுவே.

இதனை வாசிக்கும்போது எனக்குச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் நினைவு வந்தது. ஏடுகள் வீட்டுக்கு வீடு பூட்டிக்கிடந்து செல்லுக்கு இரையான காலத்தில், அவற்றைத் தேடி வாங்கி, ஒப்புநோக்கி, 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சிலே தந்தவர் அவர். அவர் பதிப்பிற் பிழை இல்லையா என்றால், உண்டு. ஆனால் அச்சிட்டதனாலேயே அப்பிழைகள் நம் கண்ணுக்குத் தெரிந்தன, பின்வந்தோர் திருத்தினர். பூட்டிய ஏட்டின் பிழையை யார் திருத்துவது? அதனைச் செல்தான் திருத்தும்.

நிற்க. இந்த வேலை சொல்லுவது போல் எளிதன்று. ஆயினும் அதன் ஒவ்வொரு படியிலும் பண்டிதர்க்குப் பழகிய வேலை ஒன்று இருப்பதைக் கண்டேன். முதலாவது பாடபேதம். பெட்டியின் பெயரும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். பின்பக்க ஒட்டுத்தாளில் மிகச் சிறிய எழுத்தில் முதலாம் திருத்தம், இரண்டாம் திருத்தம் என்று ஒரு குறி இருக்கும். உள்ளே இருக்கும் சில்லு முற்றிலும் வேறு. ஒன்றுக்குரிய ஏட்டை மற்றொன்றில் எழுதினால் பெட்டி முடிந்தது. ஒரே பெயரில் இரண்டு நூல் வழங்கும் சிக்கலை அறியாதவரா நாம்?

இரண்டாவது, எழுத்தெண்ணிப் படித்தல். இறக்கிய ஏடு வழியிற் சிதைந்ததா என்று அறிய எஸ்.எச்.ஏ. 256 என்றொரு சோதனை உண்டு. முழு ஏட்டையும் கணித்து அறுபத்து நான்கு குறிகளாக அது சுருக்கிக் காட்டும். ஏட்டில் ஓரெழுத்துப் பிசகினாலும் அந்தக் குறிவரிசையே உருமாறிவிடும். பதிப்பாளர் அறிவித்த குறிகளும் நாம் கணித்தவையும் ஒத்தால் மாத்திரமே மேலே செல்லலாம். பெறாமகன் தொடக்கத்தையும் முடிவையும் பார்த்துவிட்டுச் சரி என்றான். நான் அறுபத்து நான்கையும் வாசித்தேன். இளைஞர்க்கு நம்பிக்கை அதிகம்.

மூன்றாவதுதான் நெஞ்சு பதைக்கும் இடம். பழைய ஏட்டை அழித்துப் புதியதை எழுதும் அந்த இரண்டு மூன்று நிமிடத்துள் மின்சாரம் நின்றால் பெட்டி கல்லாகிவிடும். ஆங்கிலேயர் செங்கல் என்பர்; நமக்கு அகலிகை இருக்கிறாள். தீவார்க்கு இது வெறுங் கற்பனையன்று. நெடுந்தீவும் நயினாதீவும் நாட்டின் பெருமின் தொடரோடு இணையாதவை. டீசல் எந்திரங்களே நெடுங்காலம் அங்கே மின்சாரம் தந்துவந்தன. ஆகையால் மின்கலச் சேமிப்புள்ள நேரம் பார்த்துச் செய்தல் நன்று. கல்லானாலும் எல்லாக் கல்லும் கல்லாகவே கிடப்பதில்லை. பெட்டியின் தொடக்கநிரல் அழியாதிருந்தால், பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின் கொடுத்து, கம்பி வழியாகப் புதிய ஏட்டை மீண்டும் ஊட்டலாம். எங்கள் பெட்டி முதல்முறை எழுந்திருக்கவில்லை. தமக்கையார் விளக்கேற்றினார். இரண்டாம் முறை எழுந்தது. எழுந்தும் அலை இல்லை! நிறுவியவுடன் வைஃபையை அணைத்தே வைத்திருப்பது இந்த ஏட்டின் வழக்கமாம். கம்பியால் இணைத்து உட்புகுந்து, நாட்டுக்குறியில் இலங்கையைத் தெரிந்து, கடவுச்சொல் இட்டுப் பின்பே அலையைத் திறக்கவேண்டும். நாட்டுக்குறியை இங்கு அழுத்திச் சொல்லுகிறேன். அலையின் வலுவும் வரிசையும் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவை. பெட்டி நம்முடையது, வானம் எல்லோருடையது.

“இவ்வளவு தொல்லை எதற்கு? சில ஆயிரம் ரூபாய்க்குப் புதிது வருகிறதே” என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கொழும்பில் இருப்பவர். நெடுந்தீவில் இருப்பவர் பெட்டி ஒன்று வாங்கக் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டும், அங்கிருந்து பேருந்து, திரும்பும் படகுக்குக் காலத்தோடு வரவேண்டும், கடல் கொந்தளித்தால் பயணம் இல்லை. அவருக்கு அது நாட்கூலி ஒன்றின் இழப்பு. அவர் எறிந்த பெட்டி எங்கே போகும்? தீவிலேதான் கிடக்கும். நல்ல தண்ணீர்க் கிணறுகளை விரல்விட்டு எண்ணும் நிலத்தில் நச்சுக் குப்பையைக் குவிப்பது யாருக்கு நன்மை?

பாதுகாப்பு என்று ஒன்றும் உண்டு. 2017 ஒக்டோபரில் பெல்ஜிய ஆய்வாளர் மத்தி வன்ஹூவ், வைஃபைக் காப்புமுறையிலே ஓர் ஓட்டை இருப்பதை வெளியிட்டார். வாங்கியும் கொடுத்தும் நடுவிலே நிற்கும் அலைநீட்டிகளுக்கு அவ்வோட்டை முக்கியமானது. ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி.யிலிருந்து அப்பொழுது பிரிந்து நின்ற லீட் என்னுங் குழுவினர் சில நாட்களுக்குள் திருத்திய பதிப்பை வெளியிட்டனர். கைவிடப்பட்ட பெட்டிகளுக்குத் திருத்தம் எங்கிருந்து வரும்? (பிரிந்த இரு குழுவும் 2018 இல் மீண்டும் ஒன்றாயின. நம் தமிழ்ச் சங்கங்களிற் பிரிவை மட்டுமே கண்டிருக்கிறேன்.)

திறந்த ஏடு எல்லா நோய்க்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. 4 மெகாபைற்று ஏட்டிடமும் 32 மெகாபைற்று நினைவும் உடைய மிகச் சிறிய பெட்டிகளுக்கு 2020 இல் வந்த 19.07 ஆம் பதிப்போடு ஆயத்த ஏடுகள் நின்றுவிட்டன. சில சில்லுகளின் மூலத்தை நிறுவனங்கள் இன்றும் தருவதில்லை. உத்தரவாதக் காலத்துள் இருக்கும் பெட்டியிற் கைவைப்பது விவேகமன்று. வாங்குவதும் விடுவதும் ஒரே அலையாயின் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். அது எந்த ஏட்டாலும் மாறாது. சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்க முடிந்தவர் அதனையே செய்க. என் பாட்டனாரின் சுவரைத் துளைக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவே.

என் முறையீடு வேறு. இவ்வேலைக்குரிய வழிகாட்டிகள் நிறைய உண்டு, ஆங்கிலத்தில் உண்டு. 2005 முதல் நூலகம் என்னும் இணையநூலகம் நம் நூல்களை மின்வடிவில் திறந்து வைத்திருக்கிறது. அதனை வீட்டுக்குட் கொண்டுவரும் பெட்டியைத் திறக்கும் விதம் தமிழில் இல்லையெனில், அக்குற்றம் கணினியாருடையது மட்டுமன்று. அவர்களுக்குப் பொருள் தெரியும். நமக்குச் சொல் தெரியும். இருவரும் ஒரு வாங்கில் இருந்து எழுதுவதில்லை. பண்டிதர் சொல்லாக்கக் குழுக்களில் ஆறுமாதம் வாதிட்டு ஒரு சொல்லைக் கொண்டுவருவர். அதற்குள் அந்தப் பொருளே வழக்கொழிந்து போம். தீவகப் பள்ளிகளில் கணினி அறைகள் இருக்கின்றன. பழைய பெட்டிகளும் மூலையில் இருக்கின்றன. மாணவர் அவற்றைத் திறந்து ஏடு மாற்றப் பழகினால், தமிழ்ப்பாடத்துக்குக் கட்டுரைப் பொருளும் கிடைக்கும்: பிறர் பின்பற்றிச் செய்யத்தக்க வண்ணம், ஒரு சொல்லும் மயங்காமல், செய்தவற்றை முறையாக எழுதுக.

இதனை வீட்டிலேயே தொடங்கினோம். பெறாமகன் செய்தவற்றைப் பதினொரு வரியில் எழுதினான். நான் சந்தி திருத்தினேன். திசைவி என்று நான் இட்டதை அவன் அடித்து றவுட்டர் என்று எழுதினான்; வாதிட்டுத் தோற்றேன். அத்தாளின் பிரதி ஒன்று நெடுந்தீவில் இருக்கும் என் பழைய மாணாக்கர் ஒருவருக்குச் சென்றது. அவருடைய பெட்டி அதே பெயருடையது, ஆனால் இரண்டாம் திருத்தம். ஐந்தாம் வரியை மாற்றவேண்டும் என்று நேற்று அறிவித்திருக்கிறார்.