தையல் போடும் கைகள் எங்கே?

கால் பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கிச் சீழ் கட்டிய ஒருவர், பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஒரு கிளினிக் படியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மரத்துப்போக ஊசி போட்டு நகத்தின் ஓரத்தை வெட்டியெடுத்தால் அரை மணியில் வேலை முடியும். கடிதம் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் அவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும்.

இனிப்பு நீர் உள்ளவராக இருந்தால் தாமதத்தில் காலுக்கே ஆபத்து வரலாம். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம்.

ரப்பர் தோட்டக் காலத்தில் பால்வெட்டுக் கத்தி பட்ட கைக்குத் தையல் போட்டவர் தோட்டத்து டிரசர். மருத்துவப் பட்டம் இல்லாத அவருக்கு, நாள்தோறும் செய்த பழக்கம் கையில் இருந்தது. இன்று பட்டத்துக்குக் குறைவில்லை. குடும்ப மருத்துவக் கழகம் 1973 முதல் இயங்குகிறது. 2008-லிருந்து பயிற்சி மருத்துவப் பணி இரண்டாண்டு. அதன்பின் பல்கலைக்கழகத்தில் குடும்ப மருத்துவ முதுநிலைப் படிப்புக்கு நான்காண்டு.

பிறகு ஏன் இத்தகைய சிறு சிகிச்சைக்கு மருத்துவரின் கை தயங்குகிறது? அரசு சுகாதார கிளினிக்குகளில் தையலும் புண் கட்டுவதும் பெரும்பாலும் மருத்துவ உதவி அதிகாரிகள், தாதியர் கையில். அவர்கள் திறமையாகவே செய்கிறார்கள். ஆனால் பக்கத்து அறையில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை. தனியார் கிளினிக்கில் தடை வேறு. 2006 விதிகள் ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 ரிங்கிட்டுக்குள் நிறுத்தின. பல்லாண்டுகள் அது அசையவில்லை. வெளியே வரிசை காத்திருக்கும்போது ஒரு நகத்துக்கு அரை மணி ஒதுக்க எத்தனை பேர் துணிவார்கள்?

முடியாத காரியமல்ல இது. பள்ளி விடுமுறை வந்தால் எத்தனையோ சாதாரண கிளினிக்குகள் மலாய்ச் சிறுவர்களுக்குச் சுன்னத்து செய்கின்றன. தேவை ஓயாமல் வருவதால் கையும் தேர்ந்திருக்கிறது. கருத்தடைக் குச்சி பொருத்துவது, மூட்டுக்குள் ஊசி போடுவது, கட்டி கீறுவது, காதில் சிக்கிய மணியை எடுப்பது எல்லாம் அப்படிப் பழகவேண்டியவைதாம். பத்து முறை பார்த்தவரும் ஒரு முறை செய்தவரும் ஒன்றல்ல. முதல் சில முறை அருகில் நின்று கையைத் திருத்த ஓர் அனுபவசாலி வேண்டும்.

கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் முப்பது, நாற்பது ஆண்டு கிளினிக் நடத்தி ஓய்வை நெருங்கும் மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்து, சுகாதார கிளினிக்கின் சிகிச்சை அறையில் வாரம் ஒரு நாள் இளையவர்களோடு நிற்கச் செய்யுங்கள். தன் கையால் எத்தனை செய்தார் என்ற கணக்கைப் பார்க்காமல் எவருக்கும் குடும்ப மருத்துவர் தகுதி கொடுக்காதீர்கள். சுகாதார அமைச்சும் பல்கலைக்கழகங்களும் அடுத்த பயிற்சி அணியிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும்.