‘சர்வர் டவுன்’... திட்டு வாங்குவது யார்? கல்லூரி சிஸ்டம் அட்மின்களின் ஒரு நாளும், எய்ம்ஸ் சொல்லும் பாடமும்

காலை 10 மணி. செமஸ்டர் ரிசல்ட் நாள். காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் இருக்கும் திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் இப்படி ஒரு காட்சி என்று வைத்துக்கொள்வோம். தறியில் உட்கார்ந்திருக்கும் அம்மா கேட்கிறார்: “என்னடா, வந்துடுச்சா?” போனைப் பார்த்தபடி மகன் சொல்கிறான்: “சுத்திக்கிட்டே இருக்கும்மா... சர்வர் டவுன் போல.”

அதே நிமிடம், கல்லூரியின் சர்வர் அறையில் ஒருவரின் போன் விடாமல் அடிக்கிறது. முதல்வர் அலுவலகம், தேர்வுப் பிரிவு, ஹாஸ்டல் வார்டன் என ஆளாளுக்கு ஒரே கேள்வி: “சார், சைட் ஓப்பன் ஆகலையே?” அவர்தான் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். எல்லாம் ஓடும்போது அவரை யாருக்கும் தெரியாது. நின்றால்தான் தேடுவார்கள்.

‘சர்வர் டவுன்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறோம். உண்மையில் அங்கே என்னதான் நடக்கிறது?

தினமும் என்ன வேலை?

அட்மிஷன், கட்டணம், வருகைப் பதிவு, ஹால் டிக்கெட், இன்டர்னல் மார்க், நூலகம், வைஃபை, மின்னஞ்சல்... இன்றைய கல்லூரியில் இவை எல்லாமே ஏதோ ஒரு சர்வரை நம்பித்தான் ஓடுகின்றன. இவை நிற்காமல் பார்த்துக்கொள்வது, நின்றால் ஏன் என்று கண்டுபிடிப்பது, இரண்டும் சிஸ்டம் அட்மினின் வேலை. இதில் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அறிகுறி ஒன்றாக இருக்கும், காரணம் வேறாக இருக்கும்.

சில உதாரணங்கள்:

டிஸ்க் நிரம்பிவிட்டது: சர்வர் தான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் ‘லாக்’ கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். பழையதை அழிக்க ஏற்பாடு இல்லையென்றால், ஒருநாள் டிஸ்க்கில் இடமே இருக்காது. வெப்சைட் திறக்கும். ஆனால் பணம் கட்டினால் பதிவாகாது. மாணவருக்கு இது பேமென்ட் பிரச்னையாகத் தெரியும்.

ஹாஸ்டலில் ஒரு ரௌட்டர்: அறையில் சிக்னல் சரியில்லை என்று ஒரு மாணவர் சொந்த ரௌட்டரைக் கொண்டுவந்து தவறான போர்ட்டில் சொருகுகிறார். அது மற்றவர்களின் போன்களுக்கும் லேப்டாப்களுக்கும் தப்பான முகவரிகளைக் கொடுக்க ஆரம்பிக்கும். அந்த பிளாக் முழுக்க இன்டர்நெட் போச்சு. எந்த அறையில் அந்த ரௌட்டர் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை பழி கல்லூரி நெட்வொர்க் மேல்தான்.

முகவரி தீர்ந்துவிட்டது: வழக்கமாக அமைக்கப்படும் ஒரு நெட்வொர்க் பிரிவில் 254 முகவரிகள்தான் இருக்கும். ஒரு கருத்தரங்கக் கூடத்தில் 300 பேர் போனோடு உட்கார்ந்தால் கடைசியில் வருபவருக்கு வைஃபை ‘கனெக்டிங்’ என்றே நிற்கும். சிக்னல் மட்டும் ஃபுல்லாக இருக்கும்!

கடிகாரம் தப்பு: ஒரு கணினியின் நேரம் சர்வர் நேரத்தில் இருந்து 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், விண்டோஸ் டொமைன் லாகின் இயல்பான அமைப்பில் அதை ஏற்காது. லேபில் இருக்கும் மாணவருக்கோ பாஸ்வேர்டு மறந்துவிட்டதோ என்ற குழப்பம்.

சான்றிதழ் காலாவதி: வெப்சைட் முகவரிக்கு அருகில் வரும் பூட்டுச் சின்னத்துக்குப் பின்னால் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் இருக்கிறது. அதைப் புதுப்பிக்க மறந்தால், ‘இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல’ என்று பிரவுசர் மிரட்டும். ஒரு வருடத்துக்கு மேல் செல்லுபடியான இந்தச் சான்றிதழ்களின் ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச்சுக்குள் 47 நாட்களாக்க பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் முடிவெடுத்துவிட்டன. காலண்டரில் குறித்துவைத்து கையால் புதுப்பிக்கும் கல்லூரிகளுக்கு இது பெரிய தலைவலி. தானாகப் புதுப்பிக்கும் முறைக்கு மாறியே ஆக வேண்டும்.

இதற்கு நடுவே கரன்ட் கட், பழசாகிப்போன யுபிஎஸ் பேட்டரி, மே மாத வெயிலில் நின்றுபோகும் ஏசி. சர்வர் அறை சூடானால் இயந்திரங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே அணைந்துவிடும்.

ரிசல்ட் நாளில் மட்டும் ஏன் படுத்துவிடுகிறது?

ஒரு சின்னக் கணக்கு. கல்லூரியில் 8,000 மாணவர்கள். சாதாரண நாளில் ஒரு நிமிடத்துக்கு 20 பேர் தளத்தைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரிசல்ட் வந்த முதல் 2 நிமிடத்தில் 8,000 பேரும் வருகிறார்கள். திறக்கவில்லை என்றதும் ஆளுக்கு 5 முறை ரெஃப்ரெஷ் செய்கிறார்கள். முதல் முறையையும் சேர்த்தால் 48,000 கோரிக்கைகள்!

பரவலாகப் பயன்படும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், யாரும் மாற்றி அமைக்காதவரை ஒரே நேரத்தில் 151 இணைப்புகளைத்தான் அனுமதிக்கும். மீதிப் பேர் வரிசையில் நிற்க வேண்டும், அல்லது திருப்பி அனுப்பப்படுவார்கள். ஒவ்வொரு ரெஃப்ரெஷும் வரிசையில் புதிதாக ஓர் ஆளைச் சேர்க்கிறது. அதாவது, அவசரமே கூட்டத்தை நீட்டுகிறது.

தீர்வு உண்டு. ஒருமுறை வெளியான ரிசல்ட் மாறப்போவதில்லை. எனவே அதை ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸில் தேடாமல், முன்கூட்டியே தயாரித்த பக்கங்களாக வைக்கலாம். அந்த ஒரு நாளுக்கு மட்டும் கிளவுடில் கூடுதல் இடம் எடுக்கலாம். ஆனால் ரிசல்ட் எப்போது வெளியாகும் என்று சிஸ்டம் அட்மினிடம் முன்பே சொன்னால்தானே இதெல்லாம் நடக்கும்?

எய்ம்ஸில் நடந்தது என்ன?

ரிசல்ட் இரண்டு மணி நேரம் தாமதமானால் டென்ஷன், அவ்வளவுதான். ஆனால் சர்வர் இரண்டு வாரம் நின்றால்? நாட்டின் முதன்மையான மருத்துவக் கல்வி வளாகத்திலேயே அது நடந்தது.

2022 நவம்பர் 23 காலை, டெல்லி எய்ம்ஸின் இ-ஹாஸ்பிடல் சேவை முடங்கியது. நோயாளிகள் பதிவு, அப்பாயின்ட்மென்ட், அட்மிஷன், டிஸ்சார்ஜ் எல்லாம் காகிதத்துக்குத் திரும்பின. 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டதாகவும், சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாகவும் அரசு பிறகு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பாதிப்பில்லாத ஒரு பேக்கப் சர்வரில் இருந்து இ-ஹாஸ்பிடல் தரவு மீட்கப்பட்டு, பெரும்பாலான சேவைகள் 2 வாரங்களுக்குப் பிறகு திரும்பின.

காரணம்? ‘முறையற்ற நெட்வொர்க் செக்மென்டேஷன்’ என்றது அரசின் பதில்.

அப்படின்னா? ஒரு பெரிய கட்டடத்தில் அறைகளுக்கு நடுவே சுவரோ கதவோ இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் தீப்பிடித்தால் எல்லாம் எரியும். நெட்வொர்க்கும் அப்படித்தான். ஹாஸ்டல் வைஃபை, லேப் கணினிகள், அலுவலகம், தேர்வுப் பிரிவு சர்வர் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், ஒரு லேப்டாப்பில் நுழைந்த வைரஸ் மதிப்பெண் பட்டியல் வரை நடந்தே போய்விடும். தனித்தனியாகப் பிரித்து, நடுவில் காவல் வைப்பதுதான் செக்மென்டேஷன்.

பேக்கப் இருந்தால் போதுமா?

எய்ம்ஸைக் காப்பாற்றியது தாக்குதலுக்குத் தப்பிய பேக்கப். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 அக்டோபரில் ஒரு போலி மின்னஞ்சல் இணைப்பை ஒருவர் கிளிக் செய்தார். உள்ளே நுழைந்தவர்கள் இரண்டு மாதங்களுக்கு மேல் அமைதியாக இருந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பு, டிசம்பர் 23 அன்று 267 சர்வர்களைப் பூட்டினார்கள். சில முக்கியமான பேக்கப்களும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் அவையும் போயின. கடைசியில் பல்கலைக்கழகம் 30 பிட்காயின், அப்போதைய மதிப்பில் சுமார் 2 லட்சம் யூரோ, கொடுத்தது.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹேக்கரே தேவைப்படவில்லை. 2021 டிசம்பரில், சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதிய பதிப்பு ஏற்றப்பட்டது. பழைய லாக் கோப்புகளை அழிக்க வேண்டிய ஸ்கிரிப்ட் ஆராய்ச்சிக் கோப்புகளை அழித்தது. சுமார் 77 டெராபைட், 3.4 கோடி கோப்புகள், 14 ஆராய்ச்சிக் குழுக்கள். இதில் 4 குழுக்களின் தரவை பேக்கப்பில் இருந்தும் மீட்க முடியவில்லை.

பட்டு நெசவு தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஜக்கார்டு தறியில் டிசைனைச் சுமப்பது துளையிட்ட அட்டைகள். அட்டை கிழிந்தாலும், கிராஃப் தாளில் வரைந்த மூல டிசைன் வேறு இடத்தில் இருந்தால் மறுபடி அட்டை அடித்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டி நனைந்தால் டிசைனே போச்சு.

இதையே ‘3-2-1’ விதி என்கிறார்கள்: 3 பிரதிகள், 2 வெவ்வேறு வகைச் சாதனங்களில், 1 பிரதி வளாகத்துக்கு வெளியே. இதோடு இன்னொன்றும் உண்டு. பேக்கப்பைத் திரும்ப எடுத்து, அது உண்மையில் திறக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும். சோதிக்காத பேக்கப்பை நம்பி உட்கார முடியாது.

சட்டம் என்ன கேட்கிறது?

கணினி அவசரநிலைகளைக் கையாளும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். லாக் கோப்புகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அரசு அமைப்புகள், நிறுவனங்கள், டேட்டா சென்டர்கள் எல்லாம் இதில் வரும்.

அடுத்தது, 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். மாணவரின் போன் எண், சாதிச் சான்றிதழ், மதிப்பெண், பெற்றோரின் வருமானம் என எல்லாவற்றையும் டிஜிட்டலாக வைத்திருக்கும் கல்லூரிகள் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

இங்கேதான் நடைமுறைச் சிக்கல். ஒரே ஒரு சிஸ்டம் அட்மின் இருக்கும் கல்லூரியில், சனிக்கிழமை இரவு 11 மணிக்குத் தாக்குதல் நடந்தால் அந்த 6 மணி நேரம் யாருடையது? அதே ஆள்தான் புரொஜெக்டரை மாட்டுகிறார், பிரின்டரைச் சரிசெய்கிறார், சிசிடிவியையும் பார்க்கிறார்.

தப்பு நடந்தால் பழி யாருக்கு?

எய்ம்ஸ் சம்பவத்துக்குப் பிறகு சிஸ்டம் அனலிஸ்ட்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாகச் செய்திகள் வந்தன. தனிநபர் அலட்சியம் என்பது இருக்கவே செய்யும். எல்லா சர்வருக்கும் ஒரே பாஸ்வேர்டு, மாதக்கணக்கில் அப்டேட் செய்யாத மென்பொருள் போன்றவற்றுக்கு அட்மின் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நெட்வொர்க்கைப் பிரித்து அமைப்பது ஓரிருவர் ஓர் இரவில் செய்யும் வேலை இல்லை. அதற்குக் கருவி, பணம், நிர்வாகத்தின் ஒப்புதல் எல்லாம் வேண்டும்.

வேறு மாதிரியும் அணுகலாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் கட்டளையைக் கொடுத்து, முக்கிய டேட்டாபேஸையே அழித்துவிட்டார். அப்போதுதான் அவர்கள் வைத்திருந்த 5 பேக்கப் முறைகளில் எதுவுமே ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது தெரிந்தது. சுமார் 6 மணி நேரத் தரவு போனது. அந்தப் பொறியாளரின் பெயரைச் சொல்லி ஒதுங்காமல், என்ன நடந்தது என்பதை நிறுவனம் விரிவாகப் பொதுவெளியில் வெளியிட்டது. மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகமும் 2020 பிப்ரவரியில் கருத்தரங்கம் நடத்தி, தன் ஓட்டைகளைத் தானே விளக்கியது.

பயம் இருக்கும் இடத்தில் அட்மின் தவறை மறைப்பார். மறைத்த தவறு இன்னொரு நாள் இன்னும் பெரிதாக வரும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மாணவரோ, பணியாளரோ, புகார் சொல்லும்போது இவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, கல்லூரி வைஃபையா மொபைல் டேட்டாவா, திரையில் வந்த எண் என்ன. ஸ்கிரீன்ஷாட் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

- 404: சர்வர் நன்றாக இருக்கிறது. நீங்கள் கேட்ட பக்கம்தான் இல்லை.
- 502: முன்வாசல் சர்வர் இருக்கிறது, உள்ளே இருப்பது சரியாகப் பதில் தரவில்லை.
- 503: கூட்டம் அதிகம், அல்லது பராமரிப்பு வேலை. சில நிமிடம் கழித்து வாருங்கள். ரெஃப்ரெஷ் வேண்டாம்.
- மொபைல் டேட்டாவில் திறக்கிறது, வைஃபையில் இல்லை: பிரச்னை பெரும்பாலும் வளாக நெட்வொர்க்கில்.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. தேர்வு சர்வர் ஹாஸ்டல் நெட்வொர்க்கில் இருந்து பிரிக்கப்பட்டிருக்கிறதா? பேக்கப்பைக் கடைசியாக மீட்டுப் பார்த்தது எந்தத் தேதி? அட்மின் லீவில் போனால் அடுத்து யார்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா?

ஜூலை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை ‘சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் பாராட்டு நாள்’. அமெரிக்காவில் டெட் கெகாடோஸ் என்ற சிஸ்டம் அட்மின் 2000-ல் தொடங்கியது. அன்று கேக் வெட்டினால் அட்மின் சந்தோஷப்படுவார். பேட்டரி மாற்றக் கேட்டு அவர் கொடுத்த கடிதத்தில் அன்றே கையெழுத்துப் போட்டால் இன்னும் சந்தோஷப்படுவார்.